சம்பந்தியின் பிஸ்டல் குளித்து எழுந்த வரலாறு

அன்பும் மதிப்பும் நிறைந்த சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம் பல. இங்கே நானும் என் மனைவியும், மாடிப்படியில் வழுக்கியதில் சற்றே சுளுக்கிய என் இடது கணுக்காலும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும், பல் முளைத்த நாள் முதலாய்ப் பார்ப்பவரையெல்லாம் கடித்து வைப்பதாகக் கேள்விப்படும் பேரனும் நலமாக இருப்பீர்கள். தங்கள் இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்து, கண்கட்டையும் பத்தாம் தேதியே பிரித்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதுகிறேன். கடைசி பெஞ்சுக்கும் தெரியும்படி கரும்பலகையில் எழுதிய கைதானே, சிரமம் இல்லை.

முதலில் ஒரு வாக்கியம்: தங்கள் பிஸ்டல் பத்திரமாக இருக்கிறது. இதை மனதில் இருத்திக்கொண்டு மேலே படிக்கவும். வகுப்பில் தவளையை அறுத்துக் காட்டும் நாளில் நான் எப்போதும் "இதுக்கு வலிக்காது" என்று சொல்லிவிட்டுத்தான் கத்தியை எடுப்பேன். அதுபோல.

கண் சிகிச்சைக்காகத் தாங்கள் மாப்பிள்ளை இருக்கும் ஊருக்குக் கிளம்பிய அன்று, கார் நகர்ந்த பிறகும் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, துப்பாக்கிக் கிளப்பில் இருக்கும் தங்கள் பெட்டகத்தின் சாவியை என் கையில் திணித்தபடி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மாசத்துக்கு ஒரு தடவை எண்ணெய்த் துணியால துடைச்சு வைங்க சம்பந்தி. வேற ஒண்ணும் பண்ணாதீங்க." கார் தெருமுனையில் திரும்பும்போது மறுபடியும், "வேற ஒண்ணும் பண்ணாதீங்க!" ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்தவனைத் துப்பாக்கிக் கிளப்பில் சேர்த்து, அதற்குச் செயலாளராகவும் ஆக்கியவர் தாங்கள். தங்கள் சொல்லை நான் மீறுவேனா? ஐந்து மாதம் மீறவில்லை.

ஆறாவது மாதம் இரண்டு சங்கதிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து சேர்ந்தன. ஒன்று, கிளப்பின் புதுக் கூடம் கட்டி முடிந்துவிட்டது. திறப்பு விழா அடுத்த மாதம் முதல் ஞாயிறு. ரிப்பன் வெட்டுவதற்காகவே தாங்கள் திரும்பி வருகிறீர்கள் என்று தெரிந்ததும், தலைவர் என்னைக் கூப்பிட்டு, "சார், உங்க சம்பந்தியோட பிஸ்டலை வாசல்லயே கண்ணாடிப் பெட்டியில வைக்கிறோம். 'முதல் பரிசு'ங்கிற தகடு வர்றவங்க கண்ணுல படணும். நம்ம கிளப்புக்கு வந்த முதல் முதல் பரிசு அதுதான்" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முப்பத்தேழு வருடத்துப் பிஸ்டல், கண்ணாடிக்குள், விளக்கு வெளிச்சத்தில்! அன்று மாலையே எடுத்துப் பார்த்தேன். அத்தனை இடுக்கிலும் கரி. வெறும் எண்ணெய்த் துணி அங்கே என்ன செய்யும்? தூங்குகிற மாணவனைத் தொலைவில் நின்று அதட்டுவது போலத்தான்.

இரண்டாவது சங்கதி, பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் தம் ஆஸ்பத்திரிக்குப் புதிது வாங்கிவிட்டு, பழைய அல்ட்ராசோனிக் கிளீனரை எங்களுக்குக் கொடுத்துவிட்டார். சம்பந்தி, அது ஒரு இயந்திரம் இல்லை, அற்புதம்! பார்க்க ஒரு சின்ன எவர்சில்வர் தொட்டி, நாலு லிட்டர் பிடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்புத் திரவம், ஒரு பொத்தான். நம் காதுக்கு எட்டாத ஒலியைத் தண்ணீருக்குள் செலுத்துகிறது. அந்த ஒலியில் கோடிக்கணக்கான குட்டிக் குமிழிகள் பிறந்து, பிறந்த கணமே வெடித்துச் சுருங்குகின்றன. ஒவ்வொரு குமிழியும் சுருங்கும்போது பக்கத்தில் இருக்கும் அழுக்கை ஒரு குத்துக் குத்துகிறது. எடுத்துக்காட்டு சொன்னால் எளிதில் விளங்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "மைதானத்தில் ஒரு மிட்டாயை ஒளித்து வைத்திருக்கிறேன்" என்று சொல்லி மணியடித்துப் பாருங்கள். எந்தப் பொந்தாவது, எந்தக் கல்லுக்கடியாவது மிச்சமிருக்குமா? அதே வேலைதான். நம்ப மாட்டீர்கள் என்று ஒரு அலுமினியத் தாளைத் தொங்கவிட்டுச் சோதித்தேன். இரண்டே நிமிடத்தில் சல்லடை!

பிறகு என் பல்செட்டைத் தொட்டியில் போட்டேன். பளபளப்பில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. மனைவியின் மூக்குக் கண்ணாடியைப் போட்டேன். அதிலிருந்த திருகாணி ஒன்று மட்டும் கழன்றுவிட்டது. அதை அவள் இன்றுவரை மறக்கவில்லை, அது வேறு கதை. பிஸ்டலையும் இதில்தான் குளிப்பாட்டப் போகிறேன் என்று சொன்னதும் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, பல்செட்டும் துப்பாக்கியும் ஒரே தொட்டியிலயா? நாளைக்கு நீங்க சிரிச்சா எதிர்ல நிக்கிறவன் கையைத் தூக்கணும்போல இருக்கே!"

"துப்பாக்கி கழுவினப்புறம் இந்தத் தொட்டி கிளப்புக்கே போயிடும்மா. ஈயம் கலந்த தண்ணி, வீட்டுக்கு ஆகாது."

"சம்பந்தி வேற ஒண்ணும் பண்ணாதீங்கன்னு சொன்னாரே?"

"இதுவும் துடைக்கிறதுதான். தண்ணியை வெச்சுத் துடைக்கிறோம், அவ்வளவுதான்."

மறுநாள் காலை இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு கிளப்பின் பட்டறை அறைக்குப் போனோம். "நீங்க தனியாப் போய் ஏதாவது பண்ணிட்டு வந்தா நான்தானே சம்பந்தியம்மாவுக்குப் பதில் சொல்லணும்" என்று அவளும் கூடவே வந்துவிட்டாள். கிளப்பின் துப்பாக்கி மெக்கானிக்கைத் தாங்கள் அறிவீர்கள். எப்போதோ ஒரு ஸ்பிரிங் தெறித்துத் தொலைந்துபோய், உறுப்பினர்கள் எல்லோரையும் அரை நாள் தரையில் தவழவிட்டதால் அவருக்கு ஸ்பிரிங் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் தொட்டியைப் பார்த்த பார்வை, பரீட்சை அறையில் கால்குலேட்டரைப் பார்த்த பழைய தலைமையாசிரியரின் பார்வை.

"இருவது வருஷமா பிரஷ், துணி, எண்ணெய். இதுல என்ன சார் குறை? துப்பாக்கியைப் போய் பச்சப் புள்ளை மாதிரி குளிப்பாட்டுறீங்களே!"

"ஒரே ஒரு போல்ட்டைப் போட்டுப் பார்ப்போம். புடிக்கலைன்னா மூட்டை கட்டிட்டுப் போயிடறேன்."

விதிப்படியே எல்லாம் செய்தோம், சம்பந்தி. தோட்டா அடுக்கும் மகசினைக் கழற்றி, குழலின் தோட்டா அறை காலியா என்று ஸ்பிரிங் பார்த்தார், நான் பார்த்தேன், என் மனைவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவதாகப் பார்த்தாள். தோட்டா ஒன்றுகூட அந்தப் பட்டறைக்குள் கிடையாது. மரக் கைப்பிடிக்குத் தண்ணீர் ஆகாது என்று எனக்கே தெரியும். அதைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்தேன். கழற்றிய ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்து, வரிசை எண் போட்டு, முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக அடுக்கினேன். கைப்பிடியில் பதித்திருந்த தகடு மட்டும் மங்கலாக இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் முதலில் கண்ணில் படப் போவது அதுதானே! இரண்டு குட்டித் திருகாணிகளைக் கழற்றி அதையும் பதினேழாம் எண்ணாகச் சேர்த்துக்கொண்டேன்.

இயந்திரத்தோடு வந்த புத்தகம் பதினாறு பக்கம். நான் நான்காம் பக்கம் வரை படித்திருந்தேன். பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அறிவியல் ஆசிரியனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

முதலில் போல்ட், அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் இரும்புத் துண்டு. பொத்தானை அழுத்தியதும் "ஈஈஈ" என்று ஒரு சன்னமான ரீங்காரம். சம்பந்தி, தாங்கள் அங்கே இல்லாமல் போய்விட்டீர்களே! பத்து விநாடி ஒன்றும் இல்லை. பிறகு அந்தப் போல்ட்டின் ஒவ்வொரு துளையிலிருந்தும் கறுப்புப் புகை தண்ணீருக்குள் கிளம்பிற்று. மை பாட்டில் கவிழ்ந்தது போலத் தொட்டி முழுக்க இருண்டுவிட்டது. ஸ்பிரிங் குனிந்து பார்த்தார். இன்னும் குனிந்தார். மூக்கு நுனி நனைந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. "சார்... என் பிரஷ் போகாத எடத்துக்கெல்லாம் போகுது சார்!" என்றார். ஐந்து நிமிடத்தில் போல்ட்டை எடுத்துக் காட்டியபோது, நேற்று வாங்கிய கரண்டி மாதிரி இருந்தது. இருபது வருடத்துக் கொள்கையை அந்த மனிதர் அந்த இடத்திலேயே கீழே போட்டார். "அடுத்தது, அடுத்தது!" என்று முட்டை அட்டையோடு அவரே ஓடி வருகிறார். குழல், விசை, மகசின் என்று ஒவ்வொன்றும் தொட்டியிலிருந்து எழுந்து வர வர நாங்கள் இருவரும் கைதட்டினோம். என் மனைவி வெளியே எட்டிப் பார்த்து, கடந்து போன ஒருவரிடம் "ஒண்ணுமில்லீங்க, கழுவுறாங்க" என்று சொன்னாள்.

இந்தக் குதூகலத்தில் ஒரு சிறிய பாடம் விட்டுப்போயிற்று. அந்தக் குமிழிகளுக்கு அழுக்கு எது, எண்ணெய் எது என்ற பேதம் கிடையாது; இரண்டையும் வழித்துவிடும். எண்ணெய்ப் பசை துளிகூட இல்லாத இரும்பு ஈரத்தோடு இருந்தால் என்ன ஆகும் என்று எட்டாம் வகுப்பில் முப்பத்து நான்கு வருடம் நடத்தியவன் நான். நடத்தியவன், ஆனால் அன்று கைதட்டிக்கொண்டிருந்தவன். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் எல்லாவற்றின் மேலும் இளஞ்சிவப்பாய்த் துரு பூத்திருந்தது! ஸ்பிரிங் "ஐயய்யோ" என்று உட்கார்ந்துவிட்டார். என் மனைவிதான் கைப்பையிலிருந்து தலை உலர்த்தும் கருவியை எடுத்து, "தலையில கையை வெக்காதீங்க, ஆளுக்கு ஒரு துணியை எடுங்க" என்று அதட்டினாள். அவள் சூடான காற்றை ஊத, நான் துடைக்க, ஸ்பிரிங் எண்ணெய் பூச, கால் மணி நேரத்தில் துரு இருந்த சுவடே இல்லை. மேல்பூச்சாய்த்தான் வந்திருந்தது. சத்தியமாக ஒரு தழும்பு இல்லை. முதல் வாக்கியத்தை மறுபடி நினைவூட்டுகிறேன்.

கடைசியாகத் தகடு. தொட்டியில் போட்டு மூன்றாவது நிமிடம் 'டிங்' என்று ஒரு சத்தம். போட்டது ஒன்று, எடுத்தது இரண்டு.

ஒரு தகட்டின் மேல் இன்னொரு மெல்லிய தகட்டை யாரோ நேர்த்தியாகப் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். மேல் தகட்டில் நாம் எல்லோரும் அறிந்த "முதல் பரிசு." கீழ்த் தகட்டில், அதே ஆண்டு, அதே போட்டி, அதே தங்கள் பெயர். "ஆறுதல் பரிசு."

ஸ்பிரிங் எழுந்து போய்ப் பொத்தானை அணைத்தார். அப்போதுதான் நான் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பதினைந்தாம் பக்கத்தைப் புரட்டினேன். பெரிய எழுத்தில் போட்டிருந்தது: பசையால் ஒட்டப்பட்ட பொருள்களை உள்ளே இடக் கூடாது. "வினாத்தாளைக் கடைசி வரி வரைக்கும் மனசுக்குள்ள படிச்சுட்டு அப்புறம் பேனாவைத் தொடு" என்று எத்தனை பிள்ளைகளின் காதைத் திருகியிருப்பேன்!

என் மனைவி மெதுவாகச் சொன்னாள். "நம்ம பொண்ணைப் பேசி முடிக்க அவங்க வீட்டுக்குப் போனோமே, அன்னைக்கு அவர் சொன்னாரே ஞாபகம் இருக்கா? கடைசித் தோட்டாவுக்கு முன்னாடி காத்து நின்னுச்சாம், மூச்சு நின்னுச்சாம், நடுவர் எழுந்து நின்னு தொப்பியைக் கழட்டினாராம்."

நினைவில்லாமல் என்ன? அன்று நான் கேட்ட ஒரே கேள்வி "எத்தனாவது இடம்?" என்பதுதான். தாங்கள் பதில் பேசாமல் பிஸ்டலைத் திருப்பித் தகட்டைக் காட்டினீர்கள்.

சம்பந்தி, தாங்கள் சங்கடப்படவே வேண்டாம். மதிப்பெண் அட்டையில் மூன்றை எட்டாகத் திருத்திக்கொண்டு போன பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவனைக்கூட வீட்டில் காட்டிக் கொடுத்ததில்லை. தனியே கூப்பிட்டு, "எட்டு அழகா வந்திருக்கு. அடுத்த தடவை நெஜமாவே வாங்கிடு" என்பேன். அவர்களில் ஒருவன் இன்று கணக்கு வாத்தியார். ஆனால் விழா அன்று கூடம் நிறையக் கூட்டம் நிற்கும்போது, தாங்கள் ரிப்பன் வெட்டிவிட்டு நிமிர்ந்தால் எதிரே "ஆறுதல் பரிசு" என்று இருந்தால்? பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை அதைப் படித்தால்? அதை நினைத்ததும் இரண்டு தகட்டையும் துணியால் மூடிவிட்டேன்.

இந்தச் சமயத்தில் ஸ்பிரிங், சும்மா கையை வைத்துக்கொண்டு இருக்க முடியாமல், குழலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் "சார்!" என்று கத்தினார். ஓடினேன். குழலின் வாய் சுத்தமாக இருந்தது; அவர் விரல் காட்டிய தொட்டியின் அடியில் ஈயப் பொடி படிந்திருந்தது. அரிசிக் குருணை அளவுக்கு ஒரு சில்லும் கிடந்தது. "குழலோட வாய்ல வருஷக்கணக்கா ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு சார். இது இருந்தா தோட்டா எப்படி நேராப் போகும்? கடைசி எடத்துல இடிச்சுக்கிட்டுத்தான் போகும்!"

எனக்குப் புல்லரித்துவிட்டது. உடனே பாகங்களையெல்லாம் மாட்டிப் பூட்டினோம். (பூட்டும்போது ஒரு ஸ்பிரிங் தெறித்தது. மூவரும் தவழ்ந்து தேடினோம். மெக்கானிக்கின் சட்டைப் பையிலேயே இருந்தது.) சுடுதளத்துக்குப் போய் மெக்கானிக் ஐந்து தோட்டா சுட்டார். தாங்கள் ஊருக்குப் போகுமுன் சுட்ட அட்டையில் ஐந்து துளையும் உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தன, இல்லையா? இப்போது ஐந்தையும் ஒரு பாட்டில் மூடியால் மறைத்துவிடலாம்! அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன், பார்க்கவும். ஆக, அன்று தோற்றது தாங்கள் இல்லை. அந்த ஈயச் சில்லு.

"அன்னைக்கே அந்தச் சில்லு இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று என் மனைவி கேட்டாள்.

"மறுமதிப்பீட்டுல சந்தேகம் வந்தா, சாதகம் மாணவருக்குத்தான். அதுதான் விதி" என்றேன்.

ஆகவே சம்பந்தி, முப்பத்தேழு வருடம் கழித்துத் தங்கள் விடைத்தாள் மறுமதிப்பீடு செய்யப்பட்டு, தங்களுக்கு முதல் இடம் வழங்கப்படுகிறது. மேல் தகட்டை ஸ்பிரிங் புதுப் பசை வைத்து ஒட்டி, திருகாணியையும் இறுக்கிவிட்டார். பட்டறை மேசைமேல் கையடித்துச் சத்தியமும் செய்திருக்கிறார். இது எங்கள் மூவருக்கும் தங்களுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். சம்பந்தியம்மாவுக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டாம். என் மகளிடம் மூச்சு விட்டுவிடாதீர்கள். பெற்றவன் சொல்கிறேன், அவள் ஓட்டை வாய். காதில் விழுந்தது மாலைக்குள் தெருவைச் சுற்றி வந்துவிடும். படித்து முடித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடவும்.

தங்கள் கண்ணுக்குப் பூரண ஒளியும், சம்பந்தியம்மாவின் முழங்காலுக்குப் பலமும், மாப்பிள்ளைக்கு உத்தியோக உயர்வும், மகளுக்குப் பொறுமையும், பேரனுக்கு மிச்சப் பற்களும் குறைவின்றி வந்து சேர வேண்டும் என்று மனமார வாழ்த்தி, விழாவன்று வாசலில் நின்று தங்களை எதிர்கொள்ளக் காத்திருக்கும்,

தங்கள் அன்புச் சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டேன், கூரியர்காரர் வாசலில் நிற்கிறார், இந்த நேரத்தில் என் மனைவி போனும் கையுமாய் வந்து நிற்கிறாள். சம்பந்தியம்மாவிடம் நைசாக "அந்தத் தகடு..." என்று ஆரம்பித்தாளாம். அவர்கள் சிரித்த சிரிப்பு வாசல் வரை எனக்கே கேட்டது. "மேல் தகட்டைச் செஞ்சு ஒட்டினதே நான்தான் சம்பந்தி! அதுவரைக்கும் இவர் கைப்பிடியில துணியைச் சுத்தித்தான் கிளப்புக்கே கொண்டுபோவார். பொண்ணு வீட்டுக்காரர் வாத்தியாராச்சே, மார்க் பாத்துத்தான் பொண்ணு குடுப்பார்னு எல்லாரும் பயமுறுத்தினாங்க. அவர் வேண்டாம் வேண்டாம்னு சொன்னார், நான்தான் கேக்கலை. அதுக்கேத்த மாதிரி உங்க வீட்டுக்காரர் வந்து உக்காந்ததும் எத்தனாவது இடம்னுதானே கேட்டார்?" ஆகவே சம்பந்தி, மறுமதிப்பீடு ரத்து. தவறு விடைத்தாளில் இல்லை, கேள்வி கேட்டவனிடம். ஸ்பிரிங் வைத்தது வெந்நீரில் கழன்றுவிடும் பசைதான். விழாவில் எந்தத் தகடு மேலே இருக்க வேண்டும் என்பதைத் தாங்களே சொல்லவும். எதுவானாலும் நான் இரண்டு கையாலும் தட்டுவேன்.

சம்பந்தியம்மா போனில் சொன்ன இன்னொன்று: கட்டுப் பிரித்தாயிற்றே தவிர, புதுக் கண்ணாடி வரும்வரை தாங்கள் எழுத்தைப் பார்க்கக் கூடாதாமே? வருகிற கடிதங்களையெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து என் மகள்தான் உரக்கப் படிக்கிறாளாமே? மகளே, சின்ன வயதிலிருந்து உனக்கு என்ன சொல்லிக் கொடுத்தேன்? எதுவானாலும் கடைசி வரி வரை மனதுக்குள் படித்துவிட்டுத்தானே வாயைத் திறக்கச் சொன்னேன்? அப்படியே செய்திருந்தால், "நலம், நலமறிய ஆவல்" என்று மட்டும் படித்துவிட்டு இதை மடித்து வைத்துவிடு. செய்யவில்லை என்றால், இப்போது அங்கே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மட்டும் உடனே போன் போட்டுச் சொல்.